வாட் ஏறியது, ஃபிரேம் ஏறவில்லை: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டில் 24 ஜிபி மெமரி இருக்கிறது. அந்தக் கார்டு பொருத்திய கணினியில் அன்ரியல் என்ஜினில் உருவான ஒரு கேமைத் திறந்தால், ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) தொகுத்துக்கொண்டிருக்கும்போதே 'வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது' என்று பிழைச்செய்தி காட்டிவிட்டு கேம் மூடிக்கொள்கிறது. 2024 தொடக்கத்தில் பல நாடுகளிலிருந்தும் வந்த புகார் இது. செய்தியை அப்படியே நம்பியவர்கள் டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸைப் புதிதாக நிறுவினார்கள், கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறு கார்டில் இல்லை, ப்ராசஸரில் இருந்தது.

சம்பந்தப்பட்டவை இன்டெலின் 13-ஆம் தலைமுறை (2022 அக்டோபர்) மற்றும் 14-ஆம் தலைமுறை (2023 அக்டோபர்) டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். முதலில் அடிபட்ட பெயர்கள் கோர் ஐ9-13900கே, 14900கே. இரண்டிலும் 8 பெர்ஃபார்மன்ஸ் கோர், 16 எஃபிஷியன்ஸி கோர், மொத்தம் 32 த்ரெட். உச்ச வேகம் முன்னதில் 5.8 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 6.0. பிறகு இந்த வரிசையில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் சிப்கள் பாதிப்புக்கு உள்ளாகலாம் என்று இன்டெலே அறிவித்தது.

கேம் ஆடுவதற்காக ப்ராசஸர் செட்டிங்ஸை மாற்றும் எவருக்கும் இந்த நிகழ்வில் பாடம் இருக்கிறது. ஏனென்றால் அன்று வலைத்தளங்களில் 'கூடுதல் ஃபிரேமுக்கு' என்று பரிந்துரைக்கப்பட்ட மாற்றங்களில் பாதி, இந்தச் சிப்களை வேகமாகத் தேய்க்கும் திசையிலேயே இருந்தன.

கோளாறு எப்படி வெளிப்பட்டது

ஷேடர் தொகுப்பு என்பது முழுக்க ப்ராசஸர் வேலை. எல்லாக் கோர்களும் சில நிமிடங்கள் முழுச்சுமையில் ஓடும். அதில் ஒரு கணக்கு தவறினாலும் கிராபிக்ஸ் டிரைவர் கேட்ட பொருளை உருவாக்க முடியாமல் பிழை திருப்பும். என்ஜின் அதை மெமரி பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளும். செய்தி திசைதிருப்பியது அதனால்தான்.

இன்னொரு அடையாளம், சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது வரும் பிழை. கேம்களில் பரவலாக உள்ள ஊடுல் என்ற சுருக்க மென்பொருள், விரித்த தரவு சரியா என்று தானே சோதித்துக்கொள்ளும். ஒரு பிட் மாறினாலும் பிடித்துவிடும். அதை உருவாக்கும் ராட் கேம் டூல்ஸ், இது தங்கள் மென்பொருளின் பிழையோ அன்ரியலின் பிழையோ அல்ல, குறிப்பிட்ட இன்டெல் ப்ராசஸர்களில் ஒரு சிறு பகுதியில் காணும் வன்பொருள் சிக்கல் என்று வெளிப்படையாக எழுதியது. 2024 ஏப்ரலில் என்விடியாவும் இந்தப் பிழை கண்ட 13, 14-ஆம் தலைமுறைக்காரர்களை இன்டெலிடம் போகச் சொன்னது. ஜூலையில் ஆல்டரான் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் தன் சர்வர்களையே ஏஎம்டிக்கு மாற்றுவதாக அறிவித்தது.

வீட்டில் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கேம் மூடிய நேரத்துப் பதிவைத் திறந்தால், பழுதான மாட்யூல் 'என்விஜிபியுகாம்ப்64.டிஎல்எல்' என்று இருக்கும். அது என்விடியாவின் ஷேடர் தொகுப்பான். கிராபிக்ஸ் டிரைவர் நிறுவும்போதே கோப்பு சிதைந்திருப்பதாகச் சொல்லி நிற்கும், அதே கோப்பை மறுபடி ஓட்டினால் நிறுவிக்கொள்ளும். சிஸ்டம் பதிவில் 'வியா-லாகர்' பெயரில் நிகழ்வு எண் 19 தென்படலாம். ப்ராசஸர் ஒரு பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்று பொருள். ஒரே ஒரு கேம் மட்டும் மூடினால் அந்தக் கேமைச் சந்தேகிக்கலாம். கேமும் டிரைவர் நிறுவலும் கோப்பு விரிக்கும் செவன்ஜிப்பும் மாறிமாறி இடறினால் ப்ராசஸரையோ ரேமையோதான் பார்க்க வேண்டும்.

மதர்போர்டின் 'ஆட்டோ' யாருடைய ஆட்டோ?

இந்த ஐ9 கே சிப்களுக்கு இன்டெல் குறித்த உச்ச மின்சக்தி 253 வாட், மின்னோட்ட வரம்பு 307 ஆம்பியர். ஆனால் அந்நாளைய உயர்விலை இசட்690, இசட்790 போர்டுகளை வாங்கி எதையும் தொடாமல் ஓட்டினாலும் இந்த வரம்புகள் அமலில் இருந்ததில்லை. மின்சக்தி வரம்பு 4096 வாட், மின்னோட்டம் 512 ஆம்பியர் என்று நிரப்பியிருப்பார்கள். அது உண்மையான எண் அல்ல, 'வரம்பே வேண்டாம்' என்பதைச் சொல்லும் வழி. எம்எஸ்ஐ போர்டில் முதல்முறை இயக்கும்போது கூலர் வகையைக் கேட்கும். 'வாட்டர் கூலர்' என்று தேர்ந்தால் 4096 வாட். தேர்ந்தவர்களுக்குத் தாங்கள் கூலரைத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பு. ஏசுஸில் இதே வேலையை மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் செய்தது.

போர்டு நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்தன? விமர்சனங்களில் வரும் சினிபெஞ்ச் (ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சோதனை) பட்டைக்கோடுதான் காரணம். பக்கத்துப் போர்டைவிட 2 சதவீதம் நீளமாக இருந்தால் விற்பனைக்கு உதவும். இன்டெலும் இதைப் பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் சிப்பின் பட்டையும்தானே நீண்டது.

2024 ஏப்ரலில் போர்டு நிறுவனங்கள் 'பேஸ்லைன் ப்ரொஃபைல்' என்ற பெயரில் அவசரமாகப் புது பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) விட்டன. எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. பிறகு இன்டெல் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்று ஒரே பட்டியலைக் கொடுத்தது. இன்று பயாஸில் பார்க்க வேண்டிய பெயர் இதுதான்.

உள்ளே தேய்ந்தது எது

2024 செப்டம்பர் இறுதியில் இன்டெல் மூலகாரணத்தை வெளியிட்டது. கோருக்குள் கடிகாரத் துடிப்பை எல்லா மூலைக்கும் கொண்டுசேர்க்கும் க்ளாக் ட்ரீ என்ற மின்சுற்று, அதிக வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்தால் முன்கூட்டியே மூப்படைகிறது. மூப்படைந்தால் துடிப்பின் அளவு தப்புகிறது. குறிப்பிட்ட வேகத்தில் பிழையின்றி ஓடக் கோருக்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே நகர்கிறது. இதற்கு 'விமின் ஷிஃப்ட்' என்று பெயர்.

இந்த ஒரு வரி புரிந்தால் புதிராகத் தெரிந்த எல்லாம் விளங்கிவிடும். புதிய சிப் 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு 1.25 வோல்ட் கேட்டது என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த பிறகு அதற்கே 1.30 வேண்டும். தொழிற்சாலையில் பதித்த அட்டவணை 1.25-ஐத்தான் கேட்கும், அது போதாமல் கணக்குத் தவறும். வேகத்தை 5.3-க்கு இறக்கினால் 1.25 மறுபடி போதும். ராட் கேம் டூல்ஸ் தற்காலிக வழியாக, இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கோர் பெருக்கியை (55 என்றால் 5.5 கிகாஹெர்ட்ஸ்) 55-லிருந்து 53-க்கு இறக்கச் சொன்னது இதனால்தான் பலித்தது. வோல்டேஜை ஏற்றினாலும் கிராஷ் நிற்கும். ஆனால் தேய்மானம் இன்னும் வேகமாகும். மாதக் கணக்கில் நன்றாக ஓடிய கணினி திடீரென்று இடறத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

அந்த அதிக வோல்டேஜ் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்டெல் நான்கு வழிகளைச் சொன்னது. ஒன்று, மேலே சொன்ன போர்டு வரம்புகள். இரண்டு, ஐ9 சிப்களில் வெப்பம் ஏறிய பிறகும் உச்ச வேகத்தை விடாத ஈடிவிபி வழிமுறை. 2024 ஜூனில் 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோடு (பயாஸ் வழியே ப்ராசஸருக்குள் ஏறும் திருத்தம்) இதைத் திருத்தியது. மூன்று, சிப் போர்டிடம் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 இந்தக் கோரிக்கைக்கு 1.55 வோல்ட் என்று மூடி போட்டது. நான்காவதுதான் கேமர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் சிப் உயர் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி இதைச் சரிசெய்தது. முந்தைய இரண்டும் இதற்குள் அடக்கம். நாள்கணக்கில் அணைக்காமல் லேசான சுமையில் ஓடும் கணினிகளுக்காக 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் வந்தது.

சும்மா இருப்பதுதான் ஆபத்து என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். கணக்கு எளிது. எல்லாக் கோரும் ஓடும்போது மின்சக்தி, வெப்பம் என்று ஏதோவொரு வரம்பு வேகத்தைப் பிடித்து இழுக்கும், வோல்டேஜும் இறங்கும். ஓரிரு கோர் மட்டும் ஓடும்போது வரம்பு எதுவும் தடுக்காது. சிப் 5.8, 6.0 என்று உச்சிக்குத் தாவும். அந்த உச்சிக்கு 1.4 வோல்ட்டைத் தாண்டிக் கேட்கும், சில சிப்கள் 1.5-ஐயும் தொடும். ப்ரவுசரைத் திறப்பது, லாஞ்சர் பின்னணியில் புதுப்பிப்பைத் தேடுவது எல்லாம் இந்த ரகம்.

ஃபிரேம் எதிலிருந்து வருகிறது

வரம்பை நீக்கியவர்களுக்குக் கேமில் என்ன கிடைத்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. சினிபெஞ்ச் 253 வாட்டை முட்டும். பெரும்பாலான கேம்கள் இந்தச் சிப்பில் 80 முதல் 150 வாட்டுக்குள் ஓடிவிடும். 4கே திரையில் இன்னும் குறைவு. 150 வாட் குடிக்கும் வேலைக்கு வரம்பு 253 ஆக இருந்தால் என்ன, 4096 ஆக இருந்தால் என்ன. ஷேடர் தொகுப்பு மட்டும் சில நொடிகள் சீக்கிரம் முடியலாம்.

கேமின் வேகத்தை முடிவுசெய்வது ஓரிரு கனமான த்ரெட்களும், அவற்றுக்குத் தரவு எவ்வளவு சீக்கிரம் வந்துசேர்கிறது என்பதும். இதற்கு நல்ல சாட்சி ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி. 8 கோர்தான், உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் 96 எம்பி எல்3 கேஷ். 13900கே-யின் எல்3 36 எம்பி. கேமில் அது இன்டெலின் 5.8-க்குச் சளைக்காமல், பல கேம்களில் முந்தியும் ஓடியது, பாதி மின்சாரத்தில்.

கேஷை வாங்கி ஒட்ட முடியாது. ரேம் வேகத்தைக் கூட்டலாம். ஆகவே இன்டெல் சிப்பில் கேமுக்காக ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றலாம் என்றால் அது எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் ப்ரொஃபைல். டிடிஆர்5-6400 என்று பெட்டியில் எழுதிய ரேம், எக்ஸ்எம்பி இயக்காவிட்டால் 4800 அல்லது 5600-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம் தெரியும். இந்தச் சிப்களுக்கு இன்டெல் உறுதிதரும் அளவு டிடிஆர்5-5600, அதுவும் சானலுக்கு ஒரு குச்சி என்றால் மட்டும். 6000-6400 பெரும்பாலும் பிரச்சினையின்றி ஓடும். 7200-க்கு நல்ல போர்டும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். நான்கு குச்சி போட்டால் உறுதியளிக்கப்பட்ட வேகம் 4400-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். ஆகவே இரண்டு குச்சி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில். எக்ஸ்எம்பியும் ஓவர்க்ளாக்தான் என்பதை மறக்கக் கூடாது. ரேம் பிழையின் அறிகுறியும் தேய்ந்த ப்ராசஸரின் அறிகுறியும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கிராஷைத் துப்பறியும் காலத்தில் முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட வேண்டும்.

வரம்பைப் போர்டே தளர்த்திச் சிப்பைக் கெடுப்பது இன்டெல் பக்கம் மட்டும் நடந்ததல்ல. 2023-இல் ஏஎம்டியின் எக்ஸ்போ ரேம் ப்ரொஃபைலை இயக்கியபோது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவு மீறி ஏற்றி, 7000எக்ஸ்3டி சிப்கள் சில கருகின. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டது.

பயாஸில் செய்ய வேண்டியது

முதல் வேலை மைக்ரோகோடு. எச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளின் முகப்புச் சுருக்கத்தில் ப்ராசஸர் பகுதியில் மைக்ரோகோடு பதிப்பு இருக்கும். 12பி அல்லது அதற்குப் பிந்தையது இல்லையென்றால் போர்டு நிறுவனத்தின் தளத்தில், போர்டின் துல்லியமான மாடல் பெயருக்குரிய பயாஸை இறக்கி, ஃபேட்32 பென்டிரைவில் வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்ற வேண்டும். மாடல் பெயரில் 'வைஃபை', 'டிடிஆர்4' என்ற ஒட்டுகளையும் சரிபார்க்கவும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்கும் கணினி என்றால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை இடைநிறுத்திய பிறகே தொடங்க வேண்டும்.

பயாஸ் ஏறியதும் டிஃபால்டை ஏற்றி, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' ப்ரொஃபைலைத் தேர்க. எக்ஸ்ட்ரீம் வேண்டாம்; அது மின்னோட்டத்தை 400 ஆம்பியருக்குத் தளர்த்தும், கேமுக்கு அதனால் பலனில்லை. பிறகு கைப்பட ஒருமுறை சரிபார்க்க வேண்டியவை (எண்கள் ஐ9 கே சிப்புக்கு): உச்ச மின்சக்தி 253 வாட், மின்னோட்டம் 307 ஆம்பியர், வெப்ப எல்லை 100 டிகிரி, சி-ஸ்டேட் (சும்மா இருக்கும் கோர்களை உறங்கவைப்பது) இயக்கத்தில், ஈடிவிபி இயக்கத்தில், சிஇபி (வோல்டேஜ் குறைந்தால் சிப்பைக் காக்கும் வழிமுறை) இயக்கத்தில்.

சி-ஸ்டேட்டை அணைக்கச் சொல்லும் அறிவுரை இன்றும் சுற்றுகிறது. 'தாமதம் குறையும்' என்பார்கள். அணைத்தால் கோர்கள் உறங்காது. சும்மா இருக்கும் நேரமெல்லாம் உயர் வோல்டேஜிலேயே நிற்கும். நான்காவது காரணத்தை மைக்ரோகோடு திருத்த, அதே காரணத்தை நாமே கையால் திருப்பிக் கொண்டுவருவதற்குச் சமம். விண்டோஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' பவர் ப்ளானும் இதே ரகம். 'பேலன்ஸ்டு' போதும்; கேம் சுமை வந்ததும் வேகம் மில்லிசெகண்டுகளில் ஏறிவிடும்.

எஃபிஷியன்ஸி கோர்களை அணைப்பது இன்னொரு பழைய பழக்கம். 12-ஆம் தலைமுறையில் அதற்கு நியாயம் இருந்தது. அந்தக் கோர்கள் விழித்திருந்தால் கோர்களையும் கேஷையும் இணைக்கும் ரிங் பாதையின் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு விழும். 13-இல் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. இப்போது அணைத்தால் டிஸ்கார்டும் ரெக்கார்டிங்கும் லாஞ்சரும் கேமின் கோர்களில் வந்து உட்காரும், அவ்வளவுதான். ஒரு சில பழைய கேம்கள் விதிவிலக்கு. அளந்து பார்த்து முடிவுசெய்யலாம். எம்எஸ்கான்ஃபிக்கில் கோர் எண்ணிக்கையைக் குறிப்பது, டாஸ்க் மேனேஜரில் 'ரியல்டைம்' முன்னுரிமை தருவது இரண்டும் வெறும் நம்பிக்கை. பின்னது மவுஸையும் ஒலியையும் திக்கவைக்கும்.

வோல்டேஜைக் குறைப்பது

டிஃபால்டில் நிறுத்திக்கொண்டாலும் சிப் பாதுகாப்பாகவே ஓடும். இதற்கு மேல் செய்வது வெப்பத்தையும் தேய்மானத்தையும் இன்னும் குறைக்க.

பலன் அதிகமும் ஆபத்து குறைவும் உள்ள முதல் மாற்றம், உச்ச தாவலை வெட்டுவது. கோர் பெருக்கியை 'எத்தனை கோர் ஓடுகிறது' என்ற அடிப்படையில் அமைக்கும் பகுதியில், 13900கே-க்கு 1, 2 கோர் என்ற இடங்களில் 58-க்குப் பதில் 55. 14900கே-க்கு 60-க்குப் பதில் 57. 5.8-லிருந்து 5.5 என்பது 5 சதவீதக் குறைவு. கேம் முழுக்க முழுக்க அந்த ஒரு கோரையே நம்பி ஓடினால்தான் இந்த 5-உம் ஃபிரேமில் தெரியும். ஓடும் கேமில் பல கோர்கள் விழித்திருப்பதால் சிப் பெரும்பாலும் 5.5 பக்கத்தில்தான் நிற்கிறது. வோல்டேஜ் 1.45-லிருந்து 1.30-க்கு இறங்குவதாக வைத்தால், மின்சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்ற கணக்கில் அந்தக் கோர்களின் செலவு சுமார் 20 சதவீதம் குறையும்.

இரண்டாவது, வோல்டேஜுக்கே உச்சவரம்பு. ஏசுஸில் இதன் பெயர் 'ஐஏ விஆர் வோல்டேஜ் லிமிட்'. அலகு மில்லிவோல்ட், 1400 என்று இட்டால் 1.4 வோல்ட்டுக்கு மேல் சிப் கேட்க முடியாது. கேட்க வேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோவின் வரம்புக் காரணங்களில் 'மேக்ஸ் விஆர் வோல்டேஜ்' எதிரே 'யெஸ்' என்று தெரிந்தால் இந்த வரம்பு வேலை செய்கிறது.

மூன்றாவது அண்டர்வோல்ட். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு வழி: அடாப்டிவ் ஆஃப்செட்டில் கழித்தல் 0.050 வோல்ட் என்று தொடங்கி, 0.010 வீதம் இறங்குவது. அல்லது ஏசி லோட்லைனைக் குறைப்பது. ஏசி லோட்லைன் என்பது போர்டின் மின்பாதையில் எவ்வளவு வோல்டேஜ் இழப்பு ஏற்படும் என்று சிப்புக்குச் சொல்லும் எண். இந்தச் சிப்களுக்கு இன்டெல் அனுமதிக்கும் உச்சம் 1.1 மில்லி ஓம். 150 ஆம்பியர் ஓடினால் 1.1 × 150 = 165 மில்லிவோல்ட்டைச் சிப் கூடுதலாகக் கேட்கும். 0.55 என்று மாற்றினால் கூடுதல் 82-ஆகச் சுருங்கும். ஆகவே சுமை ஏற ஏறக் குறைப்பும் கூடும். லேசான வேலையில் அதிகம் தொடாது. லேசான வேலையின் உச்ச வோல்டேஜுக்கு மேலே சொன்ன பெருக்கியும் வரம்பும்தான் மருந்து.

இங்கே சிஇபி குறுக்கே வரும். கிடைக்கும் வோல்டேஜ் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரிந்தால் சிப் துடிப்புகளை நீட்டித் தன்னைக் காத்துக்கொள்ளும். காட்டும் வேகம் 5.5 என்றே இருக்கும். சினிபெஞ்ச் மதிப்பெண் மட்டும் பாதாளத்துக்குப் போகும். எச்டபிள்யூஇன்ஃபோவில் முழுச்சுமையின்போது 'எஃபெக்டிவ் க்ளாக்' வரிசை 'கோர் க்ளாக்'கைவிட நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் கீழே இருந்தால் இதுதான் நடக்கிறது. ஏசி லோட்லைனைச் சற்று ஏற்றுவதே நேரான தீர்வு. சிஇபியை அணைத்துவிட்டு மேலும் இறங்கலாம் என்பவர்கள் உண்டு. இசட் வரிசைப் போர்டில் வழி இருக்கும், பி760-இல் எல்லாவற்றிலும் இருக்காது. சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் லோட்லைன் கேலிப்ரேஷனை உச்ச நிலையில் வைக்கவே கூடாது. சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும்; மென்பொருளில் அந்தத் துள்ளல் பதிவாகாது.

அண்டர்வோல்டை எக்ஸ்டியூவில் செய்யப் பார்த்துப் பொத்தான்கள் மங்கிக் கிடந்தால் அது பழுதல்ல. விண்டோஸ் 11-இன் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சம் இயங்கும்போது அந்தக் கதவை மூடிவைப்பார்கள். பயாஸில் செய்வதே முறை.

அறை வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமர்சனத்தில் 22 டிகிரி அறையில் 65 டிகிரி காட்டிய கூலர், 35 டிகிரி அறையில் 78-ஐக் காட்டும். ஐ9-இன் கடைசி 100-200 மெகாஹெர்ட்ஸ் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிடைக்கும். ஏசி இல்லாத அறையில் ஏப்ரல், மே மாதங்களில் அது பெரும்பாலும் கிடைக்காத வேகம். கிடைக்காததற்காக வோல்டேஜைத் திறந்துவைக்கத் தேவையில்லை.

அளந்து பார்ப்பது

ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் செய்து அளக்க வேண்டும். முதலில் தடை எங்கே என்று பார்க்கவும்: திரைத் தெளிவை 720பி-க்கு இறக்கினால் ஃபிரேம் ஏறினால் தடை கார்டில், ஏறாவிட்டால் ப்ராசஸரில். கார்டில் தடை என்றால் மேலே சொன்ன எதுவும் சராசரியை மாற்றாது. பிறகு கேமின் ஒரே சேவ், ஒரே பாதை, 60 விநாடி, மூன்று முறை. கேப்ஃப்ரேம்எக்ஸில் பதிவுசெய்து சராசரியோடு 1 சதவீதத் தாழ்நிலையையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) ஒப்பிடவும். கண்ணுக்குத் தெரியும் திக்கல் இந்தத் தாழ்நிலையில்தான் இருக்கிறது. ரேம் வேகமும் இதைத்தான் அதிகம் தூக்கும். மூன்று ஓட்டங்களுக்குள்ளேயே 2 சதவீத வேறுபாடு வருமென்றால், 2 சதவீத முன்னேற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

நிலைத்தன்மைக்கு சினிபெஞ்ச் மட்டும் போதாது. தொடர்ந்த சுமையைத் தாங்கும் சிப், ஏறி இறங்கும் சுமையில் இடறும். ஒய்-க்ரஞ்சர், ஓசிசிடியின் ஏறியிறங்கும் சோதனை, செவன்ஜிப் பெஞ்ச்மார்க், பிறகு ஒரு அன்ரியல் என்ஜின் 5 கேமின் ஷேடர் கேஷை அழித்துவிட்டு மறுதொகுப்பு. இந்தக் கடைசிச் சோதனைதான் கேமருக்கு உண்மையான தேர்வு.

ஏற்கெனவே தேய்ந்த சிப்

மைக்ரோகோடு இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும், நடந்ததை மீட்காது. டிஃபால்ட் செட்டிங்ஸ், எக்ஸ்எம்பி அணைப்பு, 12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு. இந்த மூன்றோடும் ஷேடர் தொகுப்பில் கிராஷ் வந்து, பெருக்கியை 53-க்கு இறக்கியதும் நின்றுவிட்டால், சிப்பை மாற்றக் கேட்கும் நேரம் வந்துவிட்டது. 53-இலேயே ஓட்டிக் காலம் கடத்த வேண்டாம். பெட்டியில் வாங்கியவற்றுக்கு இன்டெல் உத்தரவாதத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியிருக்கிறது. பெட்டியில்லாமல் 'ட்ரே' சிப்பாக, அல்லது முழுக் கணினியாக வாங்கியிருந்தால் விற்றவரிடமோ கணினி நிறுவனத்திடமோதான் போக வேண்டும். ரசீது, சிப்பின் மூடியில் உள்ள எண்களின் படம், ஈவன்ட் வியூவர் பதிவுகள் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவைக்கவும். கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்தால்தான் மூடியின் எண்கள் தெரியும்.

மாற்றுச் சிப் வந்ததும் போர்டில் பழைய பயாஸ் இருந்தால் அதோடு இயக்க வேண்டாம். பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுகளில் ப்ராசஸர் இல்லாமலே, பவர் சப்ளை மட்டும் இணைத்துப் பயாஸை ஏற்றலாம்; கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு புதுச் சிப்பைப் பொருத்தி இன்டெல் டிஃபால்டில் தொடங்கவும். முந்தைய பயாஸில் சேமித்துவைத்த ஓவர்க்ளாக் ப்ரொஃபைல்களை ஏற்றக் கூடாது. அவற்றோடு பழைய லோட்லைனும் பழைய மின்சக்தி வரம்பும் சேர்ந்தே திரும்பி வரும்.